தியா என்றால் வலி என்று நினைத்திருந்தேன்

இன்று காலை மீன் கழுவிக்கொண்டிருந்தபோது கைப்பேசி தானாகவே பேச ஆரம்பித்தது. கையெல்லாம் செதில். முழங்கையால் அமுக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை. ஒரு பெண் குரல் சீனத்தில் எதையோ விற்றுக்கொண்டிருந்தது. கால்சியம் மாத்திரையாக இருக்கும். எலும்புக்கு உள்ள சொல் நடுவில் இரண்டு முறை வந்தது. அறையிலிருந்து மகள் கத்தினாள்.

"அம்மா, ஒங்க ஃபோனு மறுபடியும் சைனாக்காரி ஆயிருச்சு லா! ஆஃப் பண்ணுங்க, எனக்கு மீட்டிங் இருக்கு!"

அவள் சொல்வதிலும் தப்பில்லை. நான் தமிழச்சி என்பதே இந்தக் கைப்பேசிக்கு மறந்துவிட்டது. ஜெபப் பாட்டுத் தேடினால்கூட முதலில் ஒரு சீனப் பாட்டைக் காட்டிவிட்டுத்தான் மற்றதைக் காட்டுகிறது. மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திய, புக்கிட் ரோத்தானைவிட்டு அதிகம் வெளியே போகாத ஒரு பொம்பளைக்கு இது தேவையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டதுதான்.

எனக்கு ஆட்களோடு பேசக் கூச்சம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். போஸ்ட் ஆபீசில் என் எண்ணைக் கூப்பிடுவதற்குள் சொல்ல வேண்டியதை மனதுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்ப்பேன். முகப்புக்குப் போனதும் வேறு என்னவோ வாயில் வரும். கேட்பதற்கு மட்டும் கூச்சமில்லை. அதனால் போட்காஸ்ட் என்று ஒன்று இருப்பதை மகள் காட்டியபோது, எனக்காகவே யாரோ உட்கார்ந்து செய்த பொருள் மாதிரி இருந்தது. ஒருவர் பேசுகிறார், நான் கேட்கிறேன். பதில் சொல்ல வேண்டியதில்லை. புரியவில்லை என்றால் பின்னால் தள்ளி மறுபடியும் கேட்கலாம். யாரும் முகத்தைச் சுளிக்க மாட்டார்கள்.

"என்ன போட்டுத் தேடணும்மா?" என்று கேட்டாள்.

"சீனம் கேட்டுப் பழகுறதுக்குன்னு போடு."

அப்படிப் போட்டதும் வந்து குவிந்தது பாருங்கள், மார்க்கெட்டில் கூடையைக் கவிழ்த்த மாதிரி! எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. மெதுவாகப் பேசுகிற ஒரு டீச்சரைப் பிடித்துக்கொண்டேன். நல்ல குரல். ஆனால் அவர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் விமான நிலையம், ஹோட்டல் அறை, பனிக்காலம். "வெளியே பனி விழுகிறது, கோட்டுப் போட்டுக்கொள்" என்பதை ஒரு வாரம் கேட்டேன். எங்கள் வீட்டில் மின்விசிறியை மூன்றில் வைத்தாலும் வேர்க்கிறது.

டீச்சர் அலுத்தபோது வானொலிக்குப் போவேன். நம் நாட்டுச் சீன வானொலியில் காலையில் இரண்டு பேர் பேசுவார்கள். பேசுவதைவிடச் சிரிப்பது அதிகம். அவர்கள் வேகத்துக்கு என் காது ஓடாது. ஆனால் நடுவில் 'கோப்பி' என்றோ 'பாசார்' என்றோ தெரிந்த மலாய்ச் சொல் ஒன்று வரும். கூட்டத்தில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம். கேட்டுக்கொண்டே இருந்தால் காது திறக்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதை நம்பிக் குழம்பு கொதிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் ஓடவிட்டேன்.

இவ்வளவும் மோய் அக்காவுக்காக.

மோய் அக்காவைப் பகலில் பார்த்துக்கொள்வதுதான் இப்போது என் வேலை. எழுபதை நெருங்குகிறார். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, ஆனால் சீனம் மட்டும்தான் வந்தது. மலாய் வரவில்லை. தமிழும் வரவில்லை. ஆமாம், தமிழ்தான். அவருக்குத் தெரிந்த தமிழ் நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பச்சைத் தைலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

சின்னக் கண்ணாடிப் புட்டியில் வரும், முகர்ந்தால் மூக்கு அடைப்பு விடும். அவர் கைகால்களுக்கு அதைத்தான் தேய்க்கிறேன். முதல் நாள் மூடியைத் திறந்ததும் நான் நின்றது அவர் வீட்டில் இல்லை, எங்கள் ரப்பர் தோட்டத்துக் கடையில். அந்தக் கடைக்கு அதே வாசனைதான். கீழே கருவாடு, மண்ணெண்ணெய், சவர்க்காரக் கட்டி; மேலே கடை முதலாளியான சீனர், எங்கள் தவுக்கே, தன் முட்டியில் தேய்த்துக்கொண்ட தைலம். படிப்பை விட்டதும் நான் வேலைக்குப் போன முதல் இடம் அது. சீனியைப் பொட்டலம் கட்டுவது, பருப்பில் கல் பொறுக்குவது, வெங்காய மூட்டையைக் காயப்போடுவது. தவுக்கேயின் மகள்தான் மோய் அக்கா. சொந்தப் பெயர் வேறு. சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி 'அமோய்' என்று அவர் அப்பா கூப்பிட்டதைப் பிடித்துக்கொண்டு தோட்டமே மோய் ஆக்கிவிட்டது.

தவுக்கேயும் தமிழ் பேசுவார். ஆனால் லகரமும் ளகரமும் அவருக்கு அடங்காது. அவருக்கே அந்தச் சந்தேகம் உண்டு. அதனால் பாதுகாப்பாக எல்லா இடத்திலும் அழுத்திச் சொல்லிவிடுவார். ஒரு பொங்கலுக்கு முன்னால், அடைமழைக் காலம். ஆற்றங்கரை வரப்பு எப்போது உடையுமோ என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த நேரம். தவுக்கே கடை வாசலில் நின்று, கையை வாயில் குவித்து, "வெள்ளம் வந்திருச்சி! வெள்ளம் வந்திருச்சி!" என்று சத்தம் போட்டார். முதல் லயத்து வரிசை வீடுகளில் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டார்கள். ஒரு கிழவர் கோழிகளைக் கூடையில் போட்டுத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். அப்புறம் பார்த்தால் லோரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது வெல்லப் பெட்டி. அந்த வருஷம் முழுக்க வெல்லம் வாங்க வந்தவர்கள், "தவுக்கே, நீந்தத் தெரியாது, கொஞ்சமா குடுங்க" என்று சொல்லித்தான் வாங்கினார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

மோய் அக்கா அப்படியில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் லயத்து அக்கா ஒருத்தி பேசுகிறாள் என்றுதான் நினைப்பீர்கள். எங்கள் மண்டோர், அதாவது கங்காணி, கொஞ்சம் குடிக்கிறவர். சம்பளத்தன்று வந்து நின்றுகொண்டு வம்பு இழுப்பார்.

"என்னா மோய், போன வாரம் குடுத்த கருவாட்டுல உப்பே இல்லையே?"

"ஒங்க பொண்டாட்டி அழுதுக்கிட்டேதான மண்டோர் சமைக்குது? அதுலயே உப்பு எறங்கியிருக்குமே. எதுக்கு மேல வேற?"

கடையே சிரிக்கும். மண்டோர் மீசையைத் தடவிக்கொண்டு போய்விடுவார். நான் பொட்டலத்துக்குப் பின்னால் தலையைக் குனிந்து சிரிப்பேன். என் பக்கம் திரும்பி, "இந்த ஊமச்சிகூடச் சிரிக்குது பாரு" என்பார். எனக்கு அவர் வைத்த பெயர் ஊமச்சி. வேறு யாராவது வைத்திருந்தால் அழுதிருப்பேன்.

அந்தக் கடையில் பிஸ்கட் தகரங்களுக்கு மேலே ஒரு வானொலி இருந்தது. காலையிலிருந்து சாயங்காலம்வரை சீனத்தில் கதை, செய்தி, பாட்டு என்று ஓடிக்கொண்டே இருக்கும். நான்கு வருஷம் அதற்குக் கீழேதான் நின்றேன். ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. ஏற வேண்டிய தேவையும் இல்லை. அவர்கள்தான் எங்கள் பாஷை பேசினார்களே. இன்றைக்கு மகளைக் கெஞ்சி, கைப்பேசியில் டேட்டா போட்டு, தேடித் தேடிக் கேட்பதெல்லாம் அன்றைக்கு என் தலைக்கு மேலே சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள். ஆட்கள் கலைந்தார்கள். தவுக்கே புக்கிட் ரோத்தானில் ஒரு வீடு வாங்கி வந்துவிட்டார். நான் ஃபேக்டரிக்குப் போனேன், கல்யாணம் ஆனது, முட்டி தேய்ந்தது, ஃபேக்டரியில் நிற்க முடியாமல் போனது. மோய் அக்காவின் மகன் ஆ செங் என்னை மார்க்கெட்டில் பார்த்து, "அன்ட்டி, அம்மாவப் பார்த்துக்க ஆள் வேணும், தெரிஞ்ச ஆளா இருந்தா நல்லது" என்று மலாயில் கேட்டபோது, யோசிக்காமல் தலையாட்டினேன்.

பனி, கோட்டு, விமான நிலையம் எல்லாம் முடித்து, ஒரு நாள் தைரியம் வந்து, தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு மோய் அக்காவிடம் கேட்டேன். "நி யாவ் ஹே ஷுவெய் மா?" தண்ணீர் குடிக்கிறீர்களா என்று அர்த்தம். அன்று காலை முழுக்கச் சொல்லிப் பார்த்தது.

மோய் அக்கா என்னைப் பார்த்தார். கடையில் இல்லாத சாமானை யாராவது கேட்டால் அப்படித்தான் பார்ப்பார். பிறகு இடது கையால் டம்ளரைத் தொட்டு, "லிம் சுயி" என்றார். தண்ணீர் குடி. ஹொக்கியன்.

நான் இரண்டு மாதமாகக் கேட்டது மாண்டரின். பள்ளிக்கூடச் சீனம். கடையில் அவர்கள் வீட்டில் பேசியது ஹொக்கியன். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் எனக்கு இரண்டும் 'சீனம்' என்ற ஒரே மூட்டைக்குள்தான் கிடந்தன. மகளிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, தமிழ் பேசுறவங்களப் பாத்துக்க இந்தி படிச்ச மாதிரி பண்ணியிருக்கீங்க!"

மறுபடியும் தேடினோம். ஹொக்கியன் என்று போட்டால் கூடை கவிழவில்லை. கைக்கு இரண்டு மூன்றுதான் வந்தன. ஒன்று, வயதானவர்களுக்காக ஒரு டாக்டர் பேசும் நிகழ்ச்சி. இன்னொன்று, பினாங்குப் பையன் ஒருவன் நண்பனோடு சாப்பாட்டைப் பற்றி அரட்டை அடிப்பது. பையன் வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்ததால் டாக்டரை எடுத்துக்கொண்டேன். நிதானமாகப் பேசினார். நோயின் பெயரைச் சொல்லி, அதை ஆங்கிலத்திலும் ஒரு தடவை சொல்வார். 'தாவ்காக் தியா' தலைவலி. 'பாக்தோ தியா' வயிற்றுவலி. தியா என்றால் வலி. மூக்கில் கொஞ்சம் ஏற்றிச் சொல்ல வேண்டும். நான் முழுசாகக் கற்றுக்கொண்ட முதல் சொல் அது.

கற்றுக்கொண்ட மறுவாரம் மோய் அக்கா அந்தச் சொல்லைச் சொன்னார். சாப்பாடு முடிந்து நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தேன். என் கையைப் பிடித்து, "தியா" என்றார்.

எனக்கு ஒரே நேரத்தில் பெருமையும் பயமும். புரிந்துவிட்டது! வலிக்கிறதாம்! எங்கே என்று கையைக் காட்டிக் கேட்டேன். அவர் என் கையை இன்னும் இறுக்கினார். தைலத்தை எடுத்துத் தோளில் தேய்த்தேன். இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு மறுபடியும், "தியா." முதுகில் தேய்த்தேன். முட்டியில் தேய்த்தேன். கோபமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்குப் பிறகு.

ஆ செங்குக்குப் போன் போட்டு, "அம்மாவுக்கு வலிக்குதாம்" என்றேன். அவன் ராவாங்கில் வேலை செய்கிறான். விடிவதற்குள் கிளம்பி, அம்மா தூங்கிய பிறகு வருவான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தாலும் அவன் எதிரில் மோய் அக்கா வாயைத் திறப்பதில்லை. கோணிய வாயை மகன் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ. கிளினிக்குக் கூட்டிப்போனான். படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், மாத்திரையை மாற்றினார்கள். மாத்திரையில் அவர் பாதி நாள் தூங்கினார். விழித்தால், "தியா."

ஒரு சாயங்காலம் ஆ செங் சீக்கிரம் வந்தான். சாவியை மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னான்.

"அன்ட்டி, கிள்ளான்ல வயசானவங்களுக்கு ஒரு இல்லம் பார்த்திருக்கேன். நர்ஸ் இருக்காங்க. இவ்வளவு வலியோட அம்மாவ வீட்டுல வச்சிருக்க முடியாது. மாசக் கடைசியில எடம் காலியாகுதாம்."

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? என் வேலை போகும் என்பது முதலில் மனதில் வந்தது, அதை மறைக்க மாட்டேன். அடுத்து வந்தது அந்த இல்லம். யாரோ ஒரு நர்ஸ் மாண்டரினில், "தண்ணீர் குடிக்கிறீர்களா?" என்று கேட்பாள். மோய் அக்கா அவளைப் பார்ப்பார். அவளுக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் தெரியாது.

மாசக் கடைசிக்கு இன்னும் பத்து நாள் இருக்கும். டாக்டரின் நிகழ்ச்சி எல்லாம் கேட்டுத் தீர்ந்துவிட்டது. மோய் அக்காவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, பாத்திரம் கழுவும்போது அந்தப் பினாங்குப் பையனை ஓடவிட்டேன். அவன் ஆரம்பத்திலேயே உற்சாகமாக, "லாய் தியா, லாய் தியா!" என்றான். லாய் என்றால் வா என்று எனக்குத் தெரியும். வா, வலி, வா, வலி. இவன் ஏன் எல்லோரையும் வலிக்குக் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டே அடுத்த தட்டை எடுத்தேன்.

தட்டைக் கீழே வைத்தேன்.

கையைத் துடைத்துவிட்டு அவனைப் பின்னால் தள்ளிக் கேட்டேன். பிறகு டாக்டரைக் கேட்டேன். டாக்டரின் தியாவில் குரல் கீழே இறங்குகிறது. பையனின் தியாவில் மேலேயே நேராக நிற்கிறது. மறுபடியும் பையன், மறுபடியும் டாக்டர். நிகழ்ச்சியை ஆரம்பிக்கிறவன் வா என்று கூப்பிட்டால் வேறு எதற்குக் கூப்பிடுவான்? வந்து கேளுங்கள் என்றுதான். கூடத்திலிருந்து மோய் அக்காவும் அந்த நேரத்தில் "தியா" என்றார். பையனின் குரல் எங்கே நின்றதோ அங்கேயே அவர் குரலும் நின்றது. ஒரு இம்மிகூட இறங்கவில்லை.

கேளு. அவ்வளவு நாளும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேளு, கேளு என்றிருக்கிறார். நான் தைலம் தேய்த்திருக்கிறேன்.

போய் அவர் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். காதைத் தொட்டுக் காட்டி, அவர் சொன்ன மாதிரியே குரலை உயர்த்தி, "தியா" என்றேன். அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு பேச ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. பத்தில் ஒரு பங்கு எனக்குப் புரிந்திருக்கும். அன்றைக்குப் புரிவது முக்கியமாகவும் படவில்லை. வாய் கோணலாகவே இருந்தது, ஆனால் கை பழைய மோய் அக்காவின் கையாக ஆடியது.

ராத்திரி ஆ செங்கிடம் சொல்ல நான் பட்ட பாடு! போஸ்ட் ஆபீஸ் முகப்பைவிட மோசம். மனதுக்குள் மலாயில் சொல்லிப் பார்த்து, போன் எடுத்து, வைத்து, மறுபடியும் எடுத்தேன்.

"வலி இல்ல, ஆ செங். நான் தப்பாச் சொல்லிட்டேன். கேளுன்னு சொல்றாங்க."

 பிறகு, "தியா... தியா..." என்று அவனே இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்ப்பது கேட்டது. "ஐயோ அன்ட்டி," என்றான். "நானும் எப்படி யோசிக்காம விட்டேன்! எனக்கு ஹொக்கியன் திட்டு வாங்குற அளவுக்குத்தான் தெரியும். அப்ப அந்தக் கிளினிக் டாக்டர் எதைத்தான் படம் எடுத்தாரு?" சிரித்தான். சிரிப்பு நடுவில் நின்றுபோனது. "நான் வீட்டுல இருந்தா அம்மா பேசவே மாட்டேங்கிறாங்க, அன்ட்டி."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராக அங்கே போனேன். ஆ செங் தரையில், நான் முக்காலியில். நான் காதைத் தொட்டுக் காட்டினேன். மோய் அக்கா மகனைப் பார்த்தார், முகத்தைத் திருப்பினார், பிறகு திருப்பிய முகத்தோடேயே பேசினார். அவனுக்குத் தெரியாத சில சொற்கள் எனக்குத் தெரிந்தன. எனக்குத் தெரியாத நிறையச் சொற்கள் அவனுக்குத் தெரிந்தன. மலாயில் மாற்றிக்கொண்டோம். அப்படித்தான் தெரிந்தது, அவர் சொல்வதெல்லாம் கடைக் கதை, தோட்டத்துக் கதை. அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அவன் கிள்ளான் இல்லத்துக்கு வேண்டாம் என்று மறுநாளே சொல்லிவிட்டான். மாத்திரையையும் பழையபடி மாற்றினார்கள்.

இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் அவர் பேசுவார், நான் கேட்பேன். என் காது பாதி திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய தமிழ் திரும்பி வரவில்லை. மருத்துவமனை டாக்டர் வராது என்றே சொல்லிவிட்டார். மண்டோரை வாயடைக்க வைத்த அந்தத் தமிழ் எங்கே போயிருக்கும் என்று சில சமயம் அவர் நெற்றியைப் பார்ப்பேன். ஆட்களின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஹொக்கியன் ஓடிக்கொண்டே இருக்கும், நடுவில் திடீரென்று 'எல்லம்மா' என்று வரும்.

நேற்று மதியம் தோட்டம் காலியான கதையைச் சொன்னார். லோரி லோரியாகச் சாமான் ஏற்றியது, நாய்கள் பின்னாலேயே ஓடியது. முடித்துவிட்டு என்னிடம் ஒன்று கேட்டார். "இன் கி தோலோ?" அவர்கள் எங்கே போனார்கள்? ஒரு சொல் விடாமல் எனக்கு முழுசாகப் புரிந்த முதல் கேள்வி அது. பதில் சொல்லத்தான் என்னிடம் ஹொக்கியன் இல்லை.

அவரே உதவினார். லயத்தின் முதல் வீட்டிலிருந்து பெயர் சொன்னார்.

"எல்லம்மா?"

"புக்கிட் செந்தோசா."

தலையாட்டினார். ஊர்ப் பெயருக்கு எந்தப் பாஷையும் வேண்டாம்.

"சவரிமுத்து?"

"பந்திங்."

"மாணிக்கம்?"

கையைக் கூப்பி மேலே காட்டினேன். கண்ணை மூடித் திறந்தார்.

"பாப்பாத்தி?"

பாப்பாத்தி ஓரத்து வீடு. மோய் அக்காவின் வயது. சாயங்காலம் கடைக்கு வந்து, எதுவும் வாங்காமல், கல்லாவுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்று அவரோடு பேசிவிட்டுப் போவாள். எந்த லோரியில் ஏறினாள், எந்த ஊரில் இறங்கினாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்றும் தெரியவில்லை. மோய் அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.  பிறகு அடுத்த லயத்தின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார்.